எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்?

தியானப் பகுதி: எசேக்கியேல் 34:17-22





கோயம்புத்தூருக்குத் தென்கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரையில் வெள்ளலூர் என்ற ஊர் இருக்கிறது. நம்முடைய உப்பிலியபுரத்தைப் போலவே அதுவும் ஒரு பேரூராட்சி. 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்த பழம்பதி அது. இன்று அந்தப் பெயரைக் கேட்டவுடன் காசு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குப்பைக்கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. கோவை மாநகரம் நாள்தோறும் ஒதுக்கித்தள்ளுகிற குப்பை ஏறத்தாழ 1,000 டன். அதில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வெள்ளலூரை ஒட்டிய 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் அந்த மேட்டில் பற்றிய தீ பல நாட்கள் அணையாமல் புகைந்தது. பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு கோடையைக் கழித்தார்கள்.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. மனுக் கொடுத்தார்கள், தெருவுக்கு வந்தார்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினார்கள். நகரத்தின் குப்பையை இனியும் எங்கள்மேல் கொட்டாதீர்கள், கொட்டியதை அகற்றுங்கள் என்பதே அவர்கள் கேட்பது. நம்முடைய சபைக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கோவையிலும் திருச்சியிலும் குடியிருக்கிறார்கள். அவர்கள் வாசலில் வைக்கிற பையும் இப்படி ஒரு மேட்டுக்குத்தான் போகிறது. ஆகவே வெள்ளலூரின் வழக்கு நமக்குத் தூரத்து வழக்கு அல்ல.

ஆனாலும் இப்படிப்பட்ட ஊர்கள் எதிர்த்து நிற்கும்போதெல்லாம், நல்லவர்களின் வாயிலிருந்தும் ஒரு வாக்கியம் வருகிறது: “எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்? ஒவ்வொரு ஊரும் வேண்டாம் என்றால் எப்படி?” கேட்பதற்கு இது நியாயமாகவும் நிதானமாகவும் ஒலிக்கிறது. பிரியமானவர்களே, இந்த வாக்கியம் பொல்லாத வாக்கியம். அது ஏன் பொல்லாதது என்பதை வேதத்தின் வெளிச்சத்தில் இந்த வாரம் ஆராய்வோம்.

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தின் முதற்பகுதியை நாம் நன்றாக அறிவோம். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்த மேய்ப்பர்களைக் கர்த்தர் அங்கே கடிந்துகொள்ளுகிறார். அந்தப் பகுதி நமக்குப் பிரியமானது. ஏனெனில் அங்கே குற்றவாளி வேறொருவர். குப்பை என்றவுடன் நாமும் அப்படித்தான் அதிகாரிகளையும் மந்திரிகளையும் பேசத் தொடங்குகிறோம். ஆனால் 17-ஆம் வசனத்தில் தேவன் மேய்ப்பர்களை விட்டு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயந்தீர்க்கப் போவதாகச் சொல்லுகிறார். கொழுத்த ஆடுகளைப் பார்த்து அவர் கேட்கிற கேள்வி என்ன? நல்ல புல்லை மேய்ந்தது போதாதென்று மிஞ்சினதை ஏன் மிதிக்கிறீர்கள்? தெளிந்த நீரைக் குடித்தபின் மீதியை ஏன் கால்களால் கலக்குகிறீர்கள்? நீங்கள் மிதித்ததை என் ஆடுகள் மேயவேண்டுமோ, நீங்கள் கலக்கியதை அவை குடிக்கவேண்டுமோ என்று அவர் கேட்கிறார்.

கவனியுங்கள். கொழுத்த ஆடு மேய்ந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்படவில்லை. குடித்ததற்காகவும் அல்ல. தான் அனுபவித்து முடித்த பிறகு மீதியை எந்த நிலையில் அடுத்த ஆட்டுக்கு விட்டுச்சென்றது என்பதே வழக்கு. நகரத்தார் உண்பதும் உடுப்பதும் பாவமல்ல. உண்டு முடித்த இலையும் உறையும் எவருடைய கிணற்றருகே போய்க் கிடக்கின்றன என்பதைக் கர்த்தர் கணக்குப் பார்க்கிறார்.

இனி அந்த “எங்காவது” என்ற சொல்லைப் பார்ப்போம். முகவரியற்ற சொல்போல அது தோன்றும். ஆனால் அதற்கு எப்போதும் ஒரு முகவரி உண்டு. சென்னையில் அதன் பெயர் கொடுங்கையூர், பெருங்குடி. திருச்சிராப்பள்ளியில் அதன் பெயர் அரியமங்கலம். தஞ்சாவூர்ச் சாலையில் பயணம் செய்த எவரும் அந்த மேட்டை அறிவர். ஏறத்தாழ 47 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகத் திருச்சியின் குப்பை அங்கே குவிந்தது, கோடைதோறும் தீப்பிடித்துப் புகைந்தது. ஆனால் “எங்காவது” என்ற சொல் சென்னையில் அண்ணாநகராகவோ, திருச்சியில் தில்லைநகராகவோ, கோவையில் ஆர்.எஸ்.புரமாகவோ மாறியதை எவராவது கேட்டதுண்டா? அந்தச் சொல்லைச் சொல்லுகிறவரின் தெருவை மட்டும் அது ஒருக்காலும் குறிப்பதில்லை. “என் தெருவைத் தவிர எங்காவது” என்பதே அதன் முழு வடிவம். இந்த வடிவத்தில் அதை எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்; சொன்னால் கேட்கிறவர் முகம் சுளிப்பார்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்தச் சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதைப் பாருங்கள். கொழும்பின் குப்பை முதலில் நகருக்குள்ளேயே புளூமெண்டால் பகுதியில் குவிந்தது. 2009-இல் அது மூடப்பட்டபின் மீதொட்டமுல்லைக்கு மாறியது. அங்கே குடியிருந்த ஏழைகள் ஆண்டுக்கணக்காக எதிர்த்தார்கள், கேட்பாரில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அந்த மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகாவது கொழும்பு மனந்திரும்பித் தன் குப்பையைக் குறைத்திருக்கவேண்டும். ஆனால் சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, புத்தளம் மாவட்டத்து அருவக்காலு என்ற இடத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளத்தை அது தேர்ந்துகொண்டது. 2018-லும் 2019-லும் புத்தளத்து மக்கள் வீதியில் அமர்ந்து எதிர்த்தார்கள். 2019 ஆகஸ்டில் கொழும்பின் குப்பை அங்கே போய்ச் சேரத்தான் செய்தது.

அந்தப் புத்தளத்தில் இருப்பவர்கள் யார்? சிமெண்டு ஆலையின் தூசியையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகையையும் ஏற்கெனவே சுமக்கிறவர்கள். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் மிகப்பலர் அடைக்கலம் புகுந்த மாவட்டமும் அதுவே. தமிழ் பேசுகிற அந்த மக்கள் ஒருமுறை வீட்டை இழந்து வந்த இடத்துக்கே தலைநகரின் குப்பை அவர்களைத் தேடிவந்தது. “எங்காவது” என்ற சொல் எப்போதும் பலவீனமான ஆட்டைத்தான் கண்டுபிடிக்கிறது. எசேக்கியேல் அதே அதிகாரத்தில், பலவீனமானவற்றை விலாவினாலும் தோளினாலும் தள்ளி, கொம்புகளால் முட்டிச் சிதறடிக்கிற ஆடுகளைப் பற்றிச் சொல்லுவது இதுதான்.

ஆகவே எதிர்க்கிற ஊரைச் சுயநலமுள்ள ஊர் என்று அழைக்காதிருங்கள். துன்பப்படுகிறவன் வாய்திறந்தால் அது சுயநலம். துன்பப்படாதவன் பேசாமல் இருந்தால் அது பொதுநலம் என்கிற அளவுகோல் சாத்தானுடைய கடையில் விற்கப்படுவது. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நாம் போதிக்கிறோம். இதுவும் கள்ளத்தராசே.

சிலர் வேறொரு வழியில் வருவார்கள். “பழைய குப்பைமேடு போன்றதல்ல இது, விஞ்ஞான முறைப்படி அமைக்கப்படும் வட்டாரக் கிடங்கு. பல ஊர்களின் குப்பை ஒரே இடத்தில் பாதுகாப்பாகப் புதைக்கப்படும்” என்பார்கள். இந்த வாதத்தை நாம் நேர்மையாகக் கேட்கவேண்டும். அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் இட்டு, கசிவுநீரைத் தனியே பிடித்து, எரிவாயுவைக் குழாய்வழியே வெளியேற்றுகிற கிடங்கு, திறந்த மேட்டைவிட மேலானதுதான். ஆனால் அதற்குச் சட்டம் விதித்த நிபந்தனை என்ன? 2016-இல் இந்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவதை உரமாக்கி, மறுசுழற்சிக்கு ஆவதைப் பிரித்தெடுத்து, எதற்கும் உதவாமல் எஞ்சுகிற சொற்பத்தை மட்டுமே புதைக்கவேண்டும் என்றன. ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருக்கவேண்டும் என்றும் வரையறுத்தன.

விதிப்படி நடந்தால் புதைப்பதற்கு எஞ்சுவது மிகக் குறைவு. அப்படியிருக்க, கிடங்குகள் ஏன் விரிந்துகொண்டே போகின்றன? நம்முடைய நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலும் சந்தையிலும் மிஞ்சுகிற ஈரக்கழிவு. அது தனியே வந்தால் சில வாரங்களில் உரம். பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் பேட்டரியோடும் கலந்து வந்தால் எதற்கும் ஆகாத சேறு. காற்றுப் புகாமல் புதைந்த அந்த ஈரம் அழுகும்போது மீத்தேன் வாயு எழும்புகிறது. அதனால்தான் மேட்டில் பற்றிய தீ மேலே நீர் ஊற்றியும் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. மழைநீர் அதன் ஊடே இறங்கும்போது கறுத்த கசிவுநீராகி நிலத்தடிக்குப் போகிறது. வெள்ளலூரின் புகை கோவையின் சமையலறையில் தொடங்கியது என்று நான் சொல்லுவது உவமையாக அல்ல. அது உண்மையான வழி.

எனவே, உங்கள் ஊர் அருகே கிடங்கு வேண்டும் என்றோ, இருப்பதை விரிவாக்கவேண்டும் என்றோ எவர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்பது நியாயம். வருகிற குப்பை வீட்டிலேயே தரம் பிரிக்கப்பட்டதா? ஏற்கெனவே கொட்டிய மேட்டை அகற்றினீர்களா? உள்ளே என்ன வருகிறது என்று பார்வையிடவும் தடுக்கவும் ஊராருக்கு அதிகாரம் உண்டா? இவற்றுக்கு விடை வரும்வரை ஊர் சொல்லுகிற “வேண்டாம்” நீதியுள்ளது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் மோசேக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பிரமாணம் உண்டு. குழியை வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு செலுத்தவேண்டும். மாட்டின் உயிருக்கே கணக்குக் கேட்கிற தேவன், குப்பைக்குழியின் அருகே இருமிக்கொண்டிருக்கிற குழந்தைக்குக் கணக்குக் கேட்கமாட்டாரோ?

“ஐயா, சபைக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்? நாம் ஜெபிக்கவேண்டியவர்கள்” என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரன் மாவட்டத்து ஆப்டன் என்ற சிற்றூரில், நச்சு எண்ணெய் கலந்த மண்ணைப் புதைக்க அரசு தீர்மானித்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழை மாவட்டம் அது. அவர்கள் கோலி ஸ்பிரிங்ஸ் பாப்திஸ்து ஆலயத்தில் கூடினார்கள், ஜெபித்தார்கள், அங்கிருந்து நடந்துபோய் லாரிகளுக்கு முன்னே சாலையில் படுத்தார்கள். சில வாரங்களுக்குள் 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் போதகர்களும் உண்டு. அன்று அவர்கள் தோற்றார்கள்; மண் அங்கேயே புதைக்கப்பட்டது. ஆனால் ஐக்கிய கிறிஸ்து சபை என்னும் திருச்சபை அமைப்பு 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டு, நச்சுக் கழிவுக்கிடங்குகள் எங்கே அமைகின்றன என்பதை எல்லாவற்றுக்கும் மேலாக இனமே தீர்மானித்திருக்கிறது என்று நாடு முழுவதற்கும் காட்டியது. சுற்றுச்சூழல் நீதி என்று இன்று உலகம் பேசுகிற காரியத்தின் ஊற்றுகளில் ஒன்று அந்தச் சிற்றாலயம். அங்கே ஜெபம் முழங்காலில் தொடங்கிச் சாலையில் தொடர்ந்தது.

நம்முடைய தேசத்தில் இனம் என்ற இடத்தில் சாதியை வைத்துப் படியுங்கள். குப்பையை ஊருக்கு வெளியே வைத்தவர்கள், அதை அள்ளுகிற மனிதரையும் ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஆனால் நம்முடைய இரட்சகர் எங்கே பாடுபட்டார்? நகர வாசலுக்குப் புறம்பே என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் சாட்சி கூறுகிறது. நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து அவரிடத்திற்குப் புறப்பட்டுப் போகும்படி அழைக்கிறது. நகரம் வெளியே தள்ளினவற்றின் நடுவே அவர் நின்றார். அங்கே குப்பையை அனுப்பிவிட்டு, இங்கே ஆராதனையில் அவரைத் தேடுகிறவன் எந்தத் திசையில் நிற்கிறான் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, வேண்டாம் என்று மறுப்பதோடு கடமை முடிந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். மறுப்பு நீதியாய் நிலைநிற்க அதற்கு ஒரு கனி வேண்டும். கேரளத்து ஆலப்புழையைப் பாருங்கள். அந்த நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் வண்டிகளை மறித்தார்கள். நகரத் தெருக்கள் நாறின. வேறொரு “எங்காவது” கிடைக்காத நகரம் தன்னையே திருப்பிப் பார்க்கவேண்டியதாயிற்று. வீடுகளில் உரக்குழாய்களும் சாணஎரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், தெருக்களில் காற்றோட்டமான உரத்தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பை மேலாண்மையில் முன்மாதிரியான ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. சர்வோதயபுரம் வழிவிட்டிருந்தால் ஆலப்புழை மாறியிருக்காது. ஒரு சிற்றூரின் எதிர்ப்பு ஒரு நகரத்துக்கு ஊழியமாக அமைந்தது. திருச்சியும் அரியமங்கலத்தின் பழைய குப்பையைக் கிண்டிப் பிரித்து அகற்றத் தொடங்கி, வார்டுகளில் நுண் உரமாக்கும் மையங்களை அமைத்தது இதே திசையிலான அடிகளே. “எங்காவது” என்பதற்கு மாற்று உண்டு என்பதற்கு இவை சாட்சி. அந்த மாற்று, குப்பை பிறந்த இடத்திலேயே தொடங்குகிறது.

இப்போது நம்முடைய வாசலுக்கு வருவோம். பச்சைமலையும் கொல்லிமலையும் காவல் நிற்க, அய்யாறு பாய்கிற மண் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு ஒருவர் வந்து, இந்த மலையடிவாரத்தில் வட்டாரக் கிடங்கு அமைப்போம் என்றால் நாம் அனைவரும் எழும்புவோம், எழும்பவும் வேண்டும். ஆனால் அன்றைக்கு நம்முடைய கைகள் சுத்தமாயிருக்குமா? அய்யாற்றங்கரையில் ஒரு பையை வீசிவிட்டு வருகிறவன், கீழ்க்கரையில் இருக்கிறவனுக்கு எசேக்கியேல் சொன்ன அந்தக் கொழுத்த ஆடுதான். கோவைக்கு ஒரு நியாயமும் உப்பிலியபுரத்துக்கு வேறு நியாயமும் கர்த்தரிடத்தில் இல்லை.

நெகேமியாவின் புத்தகத்தில் எருசலேமின் அலங்கம் கட்டப்பட்டபோது குப்பைமேட்டு வாசலைக் கட்டினது யார் தெரியுமா? ரெகாபின் குமாரன் மல்கியா. 3-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம் அவனை ஒரு மாகாணத்தின் பிரபு என்று அறிமுகப்படுத்துகிறது. அழகிய வாசலைத் தனக்கு எடுத்துக்கொண்டு, குப்பை வாசலை எளியவனிடம் அவன் தள்ளவில்லை. கதவும் பூட்டும் தாழ்ப்பாளும் அவனே போட்டான். அதே அதிகாரத்தில் வேலைக்குத் தோள்கொடுக்க மறுத்த தெக்கோவா ஊர்ப் பிரபுக்களும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். நாம் எந்தப் பிரபுவின் வரிசையில் எழுதப்படப்போகிறோம்?

ஆகவே சபையாருக்கு என் வேண்டுகோள் இவை. வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் இன்றிலிருந்து தனித்தனியே வையுங்கள். டயப்பர், நாப்கின் போன்றவற்றைத் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். அவற்றைக் கையில் எடுக்கிற தூய்மைப் பணியாளரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர். அவரைப் பெயர்சொல்லி, மரியாதையோடு அழையுங்கள். தோட்டமுள்ளவர்கள் ஈரக்கழிவைக் குழியிலிட்டு எருவாக்குங்கள்; வெங்காயம் விளைவிக்கிற கைகளுக்கு அதைக் கற்றுத்தரவேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகையிலும் திருமண விருந்திலும் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் குவளையையும் மேசை விரிப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசே தடைசெய்திருக்கிறது. உலகச் சட்டம் தடுப்பதை ஆலய வளாகம் அனுமதிக்கலாகாது. ஐயாயிரம் பேர் உண்ட பந்தியில் மீந்த துணிக்கைகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்ன ஆண்டவரின் பந்தி இது. அப்பத்தைப் பெருகச்செய்ய வல்லவர் மிச்சத்தை அலட்சியம் செய்யவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

கிராமங்களில் இருக்கிறவர்கள் கிராம சபையிலும், பேரூராட்சியில் இருக்கிறவர்கள் வார்டு உறுப்பினரிடமும், நம்முடைய குப்பை எங்கே போகிறது என்று கேளுங்கள். கோவையிலும் திருச்சியிலும் இருக்கிற உங்கள் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். எதிர்த்து நிற்கிற ஓர் ஊரைப் பற்றி எவராவது உங்கள் முன் “எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும்” என்று சொன்னால், மௌனமாய்த் தலையசைக்காதிருங்கள். “உங்கள் வீட்டில் பிரித்து வைக்கிறீர்களா?” என்று சாந்தத்தோடு கேளுங்கள்.

ஜெபிப்போம்: ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயந்தீர்க்கிற கர்த்தாவே, நாங்கள் மிதித்த புல்லையும் கலக்கிய நீரையும் எங்களுக்குக் காட்டும். வெள்ளலூரிலும் புத்தளத்திலும், நாங்கள் பெயரறியாத எத்தனையோ ஊர்களிலும், எங்கள் மீதியைச் சுமக்கிறவர்களின் கூக்குரலைக் கேட்டருளும். அவர்களோடு நிற்கத் துணிவையும், எங்கள் வீட்டைச் சீர்ப்படுத்த மனத்தாழ்மையையும் தாரும். வாசலுக்குப் புறம்பே எங்களுக்காகப் பாடுபட்ட இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.